பென்னிகுவிக் ஒரு டெக்னோகிராட்டா? வல்லுநராட்சி என்னும் சொல்லுக்கு ஓர் எளிய விளக்கம்

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகள், மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலிருந்து ஒரு மாலை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, “மாமா, பென்னிகுவிக் ஒரு டெக்னோகிராட்டா?” என்று கேட்டாள். அன்று அவள் படித்த நாளிதழில் ஓர் அமைச்சரை அந்தச் சொல்லால் பாராட்டியிருந்தார்களாம். அகராதியைப் புரட்டினால் ‘தொழில்நுட்ப வல்லுநர்’ என்று பொருள் போட்டிருந்ததாம். அப்படியானால் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரைவிட அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர் யார் இருக்கிறார் என்பது அவளுடைய கணக்கு. ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஏன் இல்லை என்று விளக்கப் புகுந்ததால் பேச்சு இரவுச் சாப்பாட்டையும் தாண்டிப் போயிற்று. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து, இச்சொல்லை முதன்முதலாகச் சந்திப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘டெக்னோகிரசி’ என்பது இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது. ‘டெக்னே’ என்றால் கற்றுத் தேர்ந்த திறன். குயவரின் கைத்திறனும் தச்சரின் கைத்திறனும் மருத்துவரின் அறிவும் பழைய கிரேக்கர்களுக்கு டெக்னேதான். இயந்திரம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. ‘க்ராடோஸ்’ என்றால் வலிமை, அதிகாரம். ஆக, திறன் படைத்தவர்கள் கையில் அதிகாரம் இருக்கும் ஆட்சிமுறை டெக்னோகிரசி. அந்த ஆட்சியில் பதவி வகிப்பவர் டெக்னோகிராட். மக்களிடம் அதிகாரம் இருப்பது மக்களாட்சி, முடி சூடியவரிடம் இருப்பது முடியாட்சி என்று நாம் வழங்குவதைப் போலவே இதை ‘வல்லுநராட்சி’ எனலாம். நான் விரும்புவது இந்தச் சொல்லைத்தான். ‘தொழில்நுட்ப வல்லுநர் ஆட்சி’ என்றும் எழுதுகிறார்கள். நீளம் என்பதைத் தவிர அதில் பிழையில்லை.

ஆனால் ‘தொழில்நுட்ப ஆட்சி’ என்று சுருக்கும்போது சிக்கல் வருகிறது. அதைக் கேட்பவர், கணினியால் நடக்கும் ஆட்சி என்றோ, இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ் வாங்குவதைப் போன்ற ஏற்பாடு என்றோ நினைத்துக்கொள்கிறார். அதற்கு மின்னாளுகை என்று வேறு பெயர் இருக்கிறது. கணினியே இல்லாத வல்லுநராட்சியும் இருக்க முடியும். முழுக்க முழுக்கக் கணினிமயமான, ஆனால் வல்லுநர் ஒருவர்கூட அதிகாரத்தில் இல்லாத ஆட்சியும் இருக்க முடியும். போகிற போக்கில் ஒரு எழுத்துக் குறிப்பு: ஓட்டுநர், இயக்குநர் என்பவற்றைப் போல இதையும் ‘வல்லுநர்’ என்று எழுதுவதே முறை. ‘வல்லுனர்’ என்று பெயர்ப்பலகைகளில் காண்பதை நகல் எடுக்க வேண்டாம்.

இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற பொறியாளர், ஆண்டு 1919. அவர் கொடுத்த விளக்கத்தைத் தேடிப் படிப்பவர்கள் வியப்படைவார்கள். மக்களின் ஆட்சி, அவர்களுடைய பணியாளர்களான அறிவியலாளர்கள், பொறியாளர்கள் வழியாகச் செயல்வடிவம் பெறுவதே அவர் கருதிய பொருள். அதாவது, சொல் பிறந்தபோது அதற்குள் மக்கள் எசமானர்களாகவும் வல்லுநர்கள் பணியாளர்களாகவும் இருந்தார்கள். இன்று நாம் மக்களாட்சிக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்திப் பேசும் சொல், தொடக்கத்தில் அதன் கைக்கருவியாக எண்ணப்பட்டது. சொற்கள் இப்படி வளர்த்த வீட்டை விட்டு ஓடிப்போவது புதிதல்ல.

ஓடிப்போன கதை 1930-களில் நடந்தது. அமெரிக்காவில் பெருமந்தம் வந்து, ஆலைகள் இருந்தும் வேலை இல்லை, விளைச்சல் இருந்தும் வாங்கக் காசில்லை என்ற நிலை ஏற்பட்டபோது, ஹோவர்ட் ஸ்காட் என்பவரைச் சுற்றி ஒரு கூட்டம் திரண்டது. அரசியல்வாதிகளும் வணிகர்களும் பொருளாதாரத்தைக் கெடுத்துவிட்டார்கள், அதைப் பொறியாளர்களிடம் ஒப்படையுங்கள் என்றது அந்த இயக்கம். டாலருக்குப் பதிலாக, பொருள்களைச் செய்யச் செலவாகும் ஆற்றலை அளவாகக் கொண்ட சான்றிதழ்களை நாட்டு மக்கள் அனைவருக்கும் வழங்கலாம் என்றார்கள். ஒருவர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் உழைத்தாலே போதும் என்று கணக்கும் காட்டினார்கள். 1932-ன் இறுதியில் அமெரிக்கச் செய்தித்தாள்கள் பலவும் இதைப் பற்றி எழுதின. ஸ்காட் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்ட கல்வித் தகுதிகளுக்கு ஆதாரம் இல்லை என்று தெரியவந்ததும் அந்தப் பரபரப்பு வந்த வேகத்திலேயே வடிந்தது. வல்லுநர்கள் ஆள வேண்டும் என்று முழங்கிய இயக்கத்தின் தலைவரே சான்றிதழ் பெற்ற வல்லுநர் அல்ல என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. இயக்கம் மங்கிய பிறகும் சொல் தங்கிவிட்டது.

இன்றைய நாளிதழ்களில் இச்சொல் மூன்று பொருள்களில் கலந்து புழங்குகிறது. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதற்பொருள் கறாரானது: தேர்தலில் நில்லாத, கட்சி சாராத துறை வல்லுநர்கள் ஆட்சிப் பொறுப்பை ஏற்பது. இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு இத்தாலி. 2011 நவம்பரில் அந்நாட்டின் கடன்சுமை கட்டுக்கடங்காமல் போய், அரசின் கடன் பத்திரங்களுக்கு ஏழு விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கேட்கும் நிலை வந்தது. பிரதமர் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். பொருளியல் பேராசிரியரும் ஐரோப்பிய ஆணையத்தின் முன்னாள் ஆணையருமான மரியோ மோண்டியைக் குடியரசுத் தலைவர் அழைத்து அரசமைக்கச் சொன்னார். மோண்டியின் அமைச்சரவையில் கட்சி அரசியல்வாதி ஒருவர்கூட இல்லை. பேராசிரியர்கள், வங்கியாளர்கள், தூதர்கள் போன்றோரே இருந்தார்கள். அதே மாதம் கிரேக்க நாட்டிலும் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவரான பாபடேமோஸ் பிரதமரானார்.

மோண்டி அரசின் ஒரு காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓய்வூதியச் சீர்திருத்தத்தை அறிவிக்க 2011 டிசம்பரில் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். அந்தத் துறையின் அமைச்சர் எல்சா ஃபோர்னெரோ, ஓய்வூதியப் பொருளியலிலேயே வாழ்நாளைக் கழித்த பேராசிரியை. ஓய்வுபெறும் வயது கூடும், விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் உயர்வது பலருக்கு நிறுத்தி வைக்கப்படும் என்று விளக்கிக்கொண்டே வந்தவர், மக்கள் செய்ய வேண்டிய ‘தியாகம்’ என்ற சொல்லை எட்டியபோது குரல் உடைந்து அழுதுவிட்டார். வாக்கியத்தை மோண்டி முடித்து வைத்தார். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் யாருடைய முதுமை இருக்கிறது என்பது கணக்கில் இல்லாத செய்தி என்பதை அவருடைய கண்ணீர் காட்டிக்கொடுத்தது. 2013-ல் மோண்டி தாமே தேர்தலில் ஓர் அணியைத் திரட்டி நின்றபோது கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ பத்து விழுக்காடுதான்.

இங்கே தொடக்கநிலையாளர்கள் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. மோண்டியின் அரசும் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வாக்கைப் பெற்றே பதவியில் நீடித்தது. கட்சிகள் நினைத்த நாளில் அதைக் கவிழ்த்திருக்க முடியும். கசப்பான மருந்தைத் தங்கள் கையால் புகட்ட விரும்பாத கட்சிகள், அதைப் புகட்ட வெளியாள் ஒருவரை அமர்த்தின என்றும் சொல்லலாம். எனவே முழுமையான வல்லுநராட்சி என்று சொல்லத்தக்க ஒன்று உலகில் எங்கும் நிலைத்து நின்றதாகக் கூறுவதற்கில்லை. அளவு மாறுபடுகிறது, அவ்வளவே. சீனாவில் 2002 முதல் 2007 வரை கட்சியின் உச்ச அதிகாரக் குழுவிலிருந்த ஒன்பது பேரும் பொறியியல் படித்தவர்கள். தலைவர் ஹூ ஜின்டாவோ நீர்மின் பொறியாளர். ஆயினும் அவர்கள் மேலே வந்தது கட்சிப் படிகளில் ஏறித்தான் என்பதால் அதை வல்லுநராட்சி எனலாமா என்று இன்றும் வழக்காடுகிறார்கள்.

இரண்டாம் பொருள் தளர்ந்தது. அரசியலுக்கு வெளியே ஒரு துறையில் பெயர் பெற்றவர் அமைச்சரானால், அவரைச் செய்தித்தாள்கள் டெக்னோகிராட் என்று அழைத்துவிடுகின்றன. இந்தியாவில் இதற்கு முதலில் நினைவுக்கு வருபவர் மன்மோகன் சிங். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த பொருளியல் அறிஞர் 1991 ஜூனில் நிதியமைச்சரானபோது நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, அவை உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அமைச்சராக இருக்க முடியாது என்கிறது. வல்லுநர் உள்ளே வரலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையின் வாசல் வழியாக முறைப்படி வந்தாக வேண்டும்.

மாநில அமைச்சர்களுக்கும் 164-ஆவது பிரிவில் இதே ஆறு மாத விதி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வாசல் ஒன்றே ஒன்றுதான். சட்ட மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், தேர்தலில் நில்லாத அறிஞர் ஒருவரை நியமனத்தின் வழியாக உள்ளே கொண்டுவந்து அமைச்சராக்க வழியில்லை. அவர் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்குக் கேட்டு வென்றாக வேண்டும். மேலவை வேண்டுமா வேண்டாமா என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தக் கோணத்தைத் தொடுவதே இல்லை.

மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரை மத்தியத் தொகுதியில் 2016, 2021 தேர்தல்களில் வென்று, 2021 முதல் 2023 வரை மாநில நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பொறியியல் படித்தவர், வெளிநாட்டு வங்கித் துறையில் பணியாற்றியவர். அந்தக் காலத்தில் அவரை டெக்னோகிராட் என்று எழுதாத ஆங்கில நாளிதழ் அரிது. தளர்ந்த பொருளில் அது சரி. கறாரான பொருளில் சரியன்று. கட்சிச் சின்னத்தில் நின்று, இந்நகரத்துத் தெருக்களில் நடந்து வாக்குக் கேட்டு வென்றவர் அவர், தாத்தா பி.டி. ராஜன் சென்னை மாகாணத்தின் முதல்வராகவே இருந்திருக்கிறார். துறை அறிவுள்ள அரசியல்வாதி என்பதே பொருத்தமான விவரிப்பு. அதில் குறைவு ஏதுமில்லை.

கறாரான பொருளுக்கு இந்திய மண்ணில் மிக நெருங்கி வருபவராக நான் கருதுவது விசுவேசுவரய்யாவை. மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவரை 1912-ல் மகாராசா திவானாகவே, அதாவது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சராகவே, நியமித்தார். 1918 வரை அவர் அப்பதவியில் இருந்தார். அணை கட்டியதோடு நிற்காமல், எந்த ஆலை வர வேண்டும், எந்தக் கல்லூரி திறக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்யும் இடத்தில் ஒரு பொறியாளர் உட்கார்ந்தார். அவருக்கு வாக்காளர்கள் இல்லை. மகாராசா ஒருவரின் நம்பிக்கை போதுமானதாக இருந்தது. முடியாட்சியின் நிழலில் வல்லுநராட்சி எளிதாக வளர்கிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மூன்றாம் பொருள் அரசு அலுவலகங்களுக்குள் வழங்குவது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளைப் பியூரோகிராட் என்றும், பொறியாளர்கள், மருத்துவர்கள், வேளாண் வல்லுநர்கள் முதலிய துறைப் பணியாளர்களை டெக்னோகிராட் என்றும் பிரித்துப் பேசுவார்கள். துறையின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த எங்களுக்கு மேலே, இன்று மீன்வளமும் நாளை கைத்தறியும் பார்க்கும் அதிகாரி ஏன் என்பது இரண்டாம் தரப்பின் நெடுநாள் மனக்குறை. இந்த வழக்கில் ‘டெக்னோகிராட்’ என்பதற்கு ஆட்சி என்ற பொருளே கிடையாது. அதிகாரம் இல்லையே என்ற ஏக்கம்தான் உண்டு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வல்லுநராட்சியையும் அதிகாரிகள் ஆட்சியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மதுரை மாநகராட்சியின் அண்மைக் கால வரலாறே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போதும். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மேயரும் இல்லை, நூறு வார்டுகளுக்கும் உறுப்பினர்களும் இல்லை. தனி அலுவலரே மாநகராட்சியை நடத்தினார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் எங்கள் தெருவில் மனு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதை வல்லுநராட்சி என்று சொல்வதற்கில்லை. தனி அலுவலர் அந்த இருக்கையில் அமர்ந்தது குடிநீர்க் குழாயிலோ சாலைப் போக்குவரத்திலோ அவர் வல்லவர் என்பதால் அன்று. அந்தப் பதவிக்கு அவர் பணியமர்த்தப்பட்டார் என்பதால். அதிகாரியின் உரிமை பதவியாணையிலிருந்து வருகிறது. வல்லுநரின் உரிமை, தமக்குத் தெரியும் என்பதிலிருந்து வருகிறது. உறுப்பினரின் உரிமை வாக்கிலிருந்து வருகிறது. மூவரும் ஒரே கோப்பில் கையெழுத்துப் போடலாம், ஆனால் எந்த உரிமையில் போடுகிறார்கள் என்பதைக் கேட்டால் ஆட்சிமுறையின் பெயர் தெரிந்துவிடும்.

வல்லுநராட்சிக்குச் சற்று நெருங்கிய ஏற்பாடும் அதே ஆண்டுகளில் மதுரையில் இருந்தது. 2016 செப்டம்பரில் சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்துக்கு மதுரை தேர்வானது. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியது உள்ளிட்ட பணிகள் அதன்கீழ் நடந்தன. இத்திட்டத்துக்கென ஒவ்வொரு நகரிலும் ஒரு தனி நிறுவனம், நிறுவனச் சட்டத்தின்படி, முதன்மைச் செயல் அலுவலரோடும் இயக்குநர் குழுவோடும் அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. மாமன்றக் கூச்சலிலும் குழப்பத்திலும் சிக்காமல் வேலை வேகமாக நடக்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நகரத்தின் எந்தப் பகுதி முதலில் செப்பனிடப்பட வேண்டும் என்பதை நிறுவனத்தின் குழு முடிவு செய்வது, உள்ளாட்சிகளை வலுப்படுத்த வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் நோக்கத்துக்கு ஒத்துவருமா என்பது அதற்கு எழுந்த மறுப்பு. மதுரையிலோ அப்போது மறுப்புச் சொல்ல உறுப்பினர்களே இல்லை.

வேகம் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அறிந்தவர் சொல்லைக் கேட்காமல் கட்டிய பாலங்களின் மேல் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவன் நான். கேள்வி வேறு. எது அறிந்தவர் முடிவு செய்ய வேண்டியது, எது அவர் முடிவு செய்யக் கூடாதது என்பதே கேள்வி. அக்கா மகளுக்கு இதை விளக்க நான் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டியிருந்தது.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் நீர் பிரித்துவிடுவதும் நீர்ப்பாய்ச்சியின் வேலை. அவருக்குக் கூலி, அறுவடையில் வயலுக்கு இவ்வளவு என்று அளக்கும் நெல். எனக்குப் பத்து வயதிருக்கும்போது மழை பொய்த்த ஓர் ஆண்டில், தை பிறக்கும் முன்பே கண்மாய் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. நீர்ப்பாய்ச்சி இடுப்பளவு நீரில் இறங்கி, மடைக்கல்லில் இருந்த பழைய கீறல் ஒன்றுக்கு எத்தனை விரற்கடை கீழே நீர் நிற்கிறது என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தலைத்துண்டால் கையைத் துடைத்தபடி கரையேறினார். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: “மேமடை வயலுக்கு மட்டும் விட்டா வெளஞ்சுரும்யா. கடைமடை வரைக்கும் விட்டா அம்புட்டும் சாவிதான்.”

சாவி என்றால் மணி பிடிக்காத பதர். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஐயாவின் வயல் கடைமடையில் இருந்தது. இரவு வெகு நேரம் பேசினார்கள்; சிலர் எழுந்து போய்த் திரும்பி வந்தார்கள். முடிவில், மேல்மடைக்கு மட்டும் நீர் விடுவது, விளைந்த நெல்லில் ஒரு பங்கும் வைக்கோலில் ஒரு பங்கும் கடைமடைக்காரர்களுக்குக் கொடுப்பது என்று ஊர் ஒப்புக்கொண்டது. எவ்வளவு நீர் இருக்கிறது, அது எத்தனை வயலுக்குப் போதும் என்பவை நீர்ப்பாய்ச்சிக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். அதில் ஊர் அவரை எதிர்க்கவில்லை. யாருடைய வயல் காய வேண்டும், காய்ந்தவருக்கு என்ன ஈடு என்பதை மடைக்கல்லில் விரல் வைத்து அளக்க முடியாது. நெல்லையும் வைக்கோலையும் பகிர்வது என்ற யோசனை நீர்ப்பாய்ச்சியிடமிருந்து வந்ததன்று. காயப்போகிறவர்கள் பேசியதால் வந்தது. அந்த ஊர்க்கூட்டத்தை நான் பொற்காலமாகக் காட்டவும் விரும்பவில்லை. அதில் பெண்கள் இல்லை, நிலமில்லாதவர்கள் இல்லை, நீர்ப்பாய்ச்சியே ஓரமாகத்தான் நின்றார், உட்காரச் சொல்லி யாரும் அழைத்ததாக நினைவில்லை.

இதே பிரிவினையைப் பெரிய அளவில், எழுதி வைத்த சட்டமாக, ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் காணலாம். 2016 முதல் இயங்கும் இந்த ஆறு பேர் குழுவில் மூவர் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் மத்திய அரசு நியமிக்கும் வெளி வல்லுநர்கள். வட்டி விகிதத்தை உயர்த்துவதா குறைப்பதா என்பதை இக்குழு வாக்களித்து முடிவு செய்கிறது. ஆனால் பணவீக்கம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற இலக்கை, அதாவது நான்கு விழுக்காடு, கூடினாலும் குறைந்தாலும் இரண்டு விழுக்காட்டுக்குள் என்பதை, வங்கியைக் கலந்துகொண்டு மத்திய அரசே ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. எங்கே போக வேண்டும் என்பதை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்கிறார்கள், எப்படிப் போவது என்பதை வல்லுநர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தாளில் பார்க்க அழகாக இருக்கும் இந்தக் கோடு நடைமுறையில் அவ்வளவு நேராக இல்லை. வட்டி கூடினால் வீட்டுக்கடன் தவணை கட்டுபவர் கையைக் கடிக்கிறது, வைப்புத்தொகை வட்டியில் வாழும் ஓய்வூதியரின் கை சற்று நிறைகிறது. ‘எப்படி’ என்பதற்குள்ளும் ‘யாருக்கு’ என்பது ஒளிந்திருக்கிறது.

இனி பென்னிகுவிக்குக்கு வரலாம். அவர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய படைப் பொறியாளர். மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பும் வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. இன்று பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனப் பகுதி மட்டுமே 45,041 ஏக்கர். அதற்கப்பால் மேலூர் வரை ஒருபோக நிலங்கள். இவ்வளவு பெரிய செயலைச் செய்தவர்தாம். ஆனால் அணை வேண்டும் என்று முடிவு செய்ததும், பணம் ஒதுக்கியதும், 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டதும் அரசு. முடிவைச் செயலாக்கிய வல்லுநர் அவர். முடிவெடுக்கும் நாற்காலியில் அமர்ந்தவர் அல்லர். ஆகவே மூன்றாம் பொருளில், அலுவலக வழக்கில், அவரை டெக்னோகிராட் எனலாம். ஆட்சி என்ற சொல்லோடு ஒட்டி வரும் பொருளில் கூடாது. தேனி மாவட்டத்தில் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறவர்களும் அவரை ஆட்சி செய்தவராக அன்றி, அணையைச் செய்து கொடுத்தவராகவே நினைக்கிறார்கள்.

அவர் கட்டிய அணையே பின்னாளில் வல்லுநராட்சி பற்றிய கடினமான பாடம் ஒன்றை நமக்கு வைத்திருந்தது. 152 அடி வரை தேக்கிய அணையின் நீர்மட்டம், பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி அணை வலுப்படுத்தப்பட்ட பின்பு 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கூறியது. கேரளம் 136 அடிக்கு மேல் கூடாது என்று உடனே சட்டம் இயற்றியது. நிலநடுக்கத்தைத் தாங்குமா, பெருவெள்ளத்தைத் தாங்குமா என்று கேரளம் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ஆய்வுகளைக் காட்டியது. தாங்கும் என்று தமிழ்நாடு வேறு வல்லுநர்களைக் காட்டியது. இரு தரப்பிலும் பட்டம் பெற்றவர்கள், இரு தரப்பிலும் கணக்குகள். ‘அறிந்தவரிடம் விட்டுவிடுவோம்’ என்பவர்கள் பொதுவாக எண்ணிப் பார்க்காத நிலை இது: அறிந்தவர்கள் இருவர், அவர்கள் சொல்வதும் இரண்டு.

2010-ல் நீதிமன்றம் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழுவை அமைத்தது; மூவர் ஓய்வுபெற்ற நீதிபதிகள், இருவர் தொழில்நுட்ப உறுப்பினர்கள். அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-ல் குழு அறிக்கை தந்தது. அதை ஏற்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கேரளச் சட்டம் செல்லாததாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அன்று கம்பம் பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். அணைக்குக் கீழே கேரளப் பக்கம் வசிப்பவர்கள் அன்று எப்படித் தூங்கினார்கள் என்பதை நம் பக்கத்தில் அதிகம் பேர் கேட்கவில்லை. பாசனம் பெறும் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கும் அந்தத் தீர்ப்பு உவப்பானதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பேச்சு முடிந்ததும், சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுதிக் காட்டச் சொன்னேன். ‘இத்தாலியில் 2011-ல் அமைந்த மோண்டி அரசு வல்லுநராட்சிக்கு எடுத்துக்காட்டு’ என்பது முதல் வாக்கியம். சரி என்று குறியிட்டேன். ‘2016 முதல் 2022 வரை மதுரை மாநகராட்சியில் வல்லுநராட்சி நடந்தது’ என்பது இரண்டாவது. ‘வல்லுநராட்சி’யை அடித்து ‘அதிகாரிகள் ஆட்சி’ என்று திருத்தினேன், அவள் முகம் சுருங்கியது. மூன்றாவது, ‘முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டத்தை முடிவு செய்தது வல்லுநராட்சி’ என்பது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அதைப் பார்த்தேன். அறிக்கை தந்தது குழு. ஆனால் அதிலும் பெரும்பான்மை நீதிபதிகள். தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம். ஆனால் அது சாய்ந்து நின்றது வல்லுநர்களின் சொல்லின்மேல். “என்ன மாமா, ரைட்டா தப்பா?” என்றாள். வாக்கியத்தின் முடிவில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.